உப்பும் சுபாவமும்

மனிதனுக்குச் சுபாவம் என்று ஒன்று உண்டா, அல்லது இருக்கிற இடத்துக்குத் தகுந்தாற்போல் அவன் ஆகிக்கொண்டே இருக்கிறானா? கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு தொழில் சங்கடம். முதல் அத்தியாயத்தில் நல்லவனாக வந்தவன் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கெட்ட காரியம் செய்துவிட்டால், "பாத்திரத்தின் குணத்தைக் கெடுத்துவிட்டீர்களே!" என்று ஒரு வாசகர் கடிதம் எழுதுகிறார். செய்யாவிட்டால், "இப்படியும் ஒருவன் உலகத்தில் உண்டா?" என்று இன்னொருவர் கேட்கிறார். இருவருக்கும் பதில் சொல்லத் தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். சென்ற தை மாதம், காரைக்குடியில் ஒரு சின்னக் கண்ணாடிப் பாத்திரத்தின் முன்னால் நின்றபோதுதான் இந்தக் கேள்வி என்னைச் சரியாகப் பிடித்துக்கொண்டது.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். வள்ளல் அழகப்பச் செட்டியார் பதினைந்து லட்சம் ரூபாயும் முந்நூறு ஏக்கர் நிலமும் கொடுத்து, 1948-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953 தைப் பொங்கலன்று திறக்கப்பட்ட நிலையம் அது. என் அக்காள் மகள் அங்கே ஆராய்ச்சி மாணவி. "மாமா, கதைக்காரருக்கும் புரியற மாதிரி ஒண்ணு காட்டறேன், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு ரசாயனம் மேல்நிலைப் பள்ளியோடு சரி. கல்லூரியில் பாதியில் நின்றுபோனவன் நான். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நல்ல பையனைப்போல அவள் பின்னால் போனேன்.

பாத்திரத்தில் இருந்தது, கொஞ்சம் அமிலம் கலந்த உப்பு நீர். அதில் ஒரு கண்ணாடித் துண்டு முக்கால்வாசி மூழ்கியிருந்தது. துண்டின்மேல் மரகதப் பச்சையில் மெல்லிய ஒரு படலம். மேலே இரண்டு கம்பிகள், பக்கத்தில் ஒரு கருவி. அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். பச்சை வெளுத்தது, வெளுத்து, பழைய காகிதத்தின் மஞ்சளாகி, அதுவும் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. இன்னொரு பக்கம் திருப்பினாள். மறுபடி பச்சை. இன்னும் திருப்பினாள். பச்சை நீலமாயிற்று, நீலத்தின் ஓரத்தில் ஊதா எட்டிப் பார்த்தது. "போதும், இதுக்கு மேல போகக் கூடாது" என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

"இதென்ன கண்ணு, பச்சோந்தி வித்தை?"

"பிளாஸ்டிக் இனந்தானுங்க மாமா. ஆனா மின்சாரம் கடத்தும். பாலிஅனிலின்னு பேரு."

பிளாஸ்டிக் என்றால் மின்சாரக் கம்பிக்கு மேலே போர்த்துகிற உறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்களில் நானும் ஒருவன். அவள் விளக்கிச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது அந்தப் படலம். அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கினால் சங்கிலியில் ஒரு குறை விழுகிறது. அந்தக் குறை ஒரு நேர் மின்சுமை. அப்படியே அதை வைத்துக்கொண்டு படலத்தால் நிற்க முடியாது. சுற்றியிருக்கிற உப்பு நீரிலிருந்து, எதிர் மின்சுமை கொண்ட அயனிகளை உள்ளே வாங்கிக்கொள்கிறது. சாதாரண உப்பென்றால் குளோரைடு. குறையும் குடிவந்தவனுமாகச் சேர்ந்துதான் அந்தப் பச்சை. அந்த நிலையில்தான் மின்சாரமும் ஓடுகிறது. எலெக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்தால் குளோரைடு வெளியே வந்துவிடும்; பச்சையும் போய்விடும். ஆக, அந்தப் படலத்தின் நிறமும் குணமும் அதற்கு மட்டும் சொந்தமானவை என்று சொல்ல வழியில்லை. பாதி அது, பாதி அது நிற்கிற நீர்.

"அப்போ இதுக்கு இயற்கையான நிறம் எது?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எந்தத் தண்ணியில, எத்தனை வோல்ட்டிலன்னு சொல்லுங்க மாமா, அப்பறம் சொல்றேன்."

இந்தப் பதில் என்னைச் சும்மா விடவில்லை. நம்முடைய பெரியவர்கள் இந்த விஷயத்தை யோசிக்காதவர்கள் அல்லர். சிற்றினம் சேராமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். சேர்க்கை எப்படியோ அப்படித்தான் ஆள் என்பது நம் ஊரில் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்த சித்தாந்தம். ஆனால் அதே பாட்டிமார்கள்தான், "பிறவிக் குணத்தை மாற்ற முடியுமா?" என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். நமக்கு வேண்டியவன் தப்பு செய்தால் சேர்க்கை. வேண்டாதவன் செய்தால் பிறவிக் குணம்!

அந்தப் படலத்தின் பூர்வீகத்தையும் விசாரித்தேன். அதைக் கேட்டதும் நான் காரைக்குடியிலிருந்து நேரே அந்தியூருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அனிலின் என்ற பொருள் முதன்முதலில் 1826-இல் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்ததாம். பெயரிலேயே நம் நீலம் இருக்கிறது. வடமொழி நீலம் அரபிக்குப் போய், போர்த்துகீசியத்துக்குப் போய், "அனில்" ஆகி, கடைசியில் அனிலின் ஆயிற்று. 1856-இல் லண்டனில் பதினெட்டு வயதுப் பையன் பெர்கின், கொய்னா மருந்து செய்யப் போய், அனிலினிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். செயற்கைச் சாயத் தொழிலின் ஆரம்பம் அது. 1862-இல், அதே லண்டனில், லெதபி என்ற மருத்துவர் அமிலத்தில் கரைத்த அனிலினுக்குள் மின்சாரம் செலுத்தினார். பிளாட்டினத் தகட்டின்மேல் நீலமும் பச்சையுமாக ஏதோ படிந்தது. அது நிறம் மாறி மாறித் திரும்பியது. அதன் அருமையை உலகம் உணர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்னொரு பாலிமரின்மேல் அயோடினைப் பாய்ச்சி, அதன் மின் கடத்தும் சக்தியைக் கோடி மடங்கு உயர்த்திக் காட்டினார்கள் ஹீகர், மக்டயர்மிட், ஷிராகாவா என்ற மூவர். 1977-இல் வெளியான அந்த வேலைக்கு 2000-ஆம் வருஷம் நோபல் பரிசு கிடைத்தது.

சாயம், உப்பு, தண்ணீர். இந்த மூன்றையும் நான் ஆராய்ச்சிசாலையில் தெரிந்துகொள்ளவில்லை. என் சித்தப்பாவின் பட்டறையில் தெரிந்துகொண்டேன்.

அந்தியூருக்கும் பவானிக்கும் நடுவே, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அது. பவானி ஜமக்காளத்துக்கு நூல் சாயம் போடுகிற பட்டறை. நான்கு தொட்டி, ஒரு கொதிகலன், ஆறேழு ஆட்கள். சித்தப்பாவைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரையும் மாடுமாகப் பெரிய சந்தை கூடும். அங்கே ஒரு தடவை அவர் ஒரு ஜோடி எருது விற்றாராம். வாங்கினவன் நூறு ரூபாய் கூடுதலாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சித்தப்பா அந்த ஆளைத் தேடிக்கொண்டு, பர்கூர் மலை அடிவாரம் வரை ராத்திரியில் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம். சின்ன வயதில் நான் கேட்ட முதல் நீதிக்கதை இதுதான்.

கல்லூரியை விட்டு வந்தவன் வேறு எங்கே போவேன்? அவர் பட்டறையில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். புதுச் சாயங்கள் வந்துவிட்ட காலம். நூலோடு ஒட்டிப் போகாமல் நிற்கிற சாயங்கள் அவை. ஆனால் அவற்றுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தண்ணீரில் நனைந்த பருத்தி எதிர் மின்சுமை உடையது; அந்தச் சாயமும் அப்படியே. ஒன்றை ஒன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் அந்தப் பகை தணிந்து சாயம் நூலில் ஏறும். ஆழ்ந்த நிறம் வேண்டுமானால் லிட்டருக்கு எண்பது கிராம் வரைகூட உப்புப் போட வேண்டியிருக்கும். இதில் விசேஷம் என்னவென்றால், உப்பு நூலில் தங்காது. கல்யாணத்தை முடித்துவைத்த தரகனைப்போல, வேலை முடிந்ததும் மொத்தமும் தண்ணீரோடு வெளியே போய்விடும். எங்கே போகும்?

ராத்திரி பத்து மணிக்கு மேல் பின்பக்க மடையைத் திறந்துவிடுவோம். அது பள்ளத்து வழியாகப் போகும். "சித்தப்பா, இது தப்பில்லீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாருந்தான் விடறாங்க தம்பி. நா ஒருத்தன் நிறுத்துனா ஆறு சுத்தமாயிருமா? கூலிக்காரங்களுக்குச் சனிக்கெழமை நீ சம்பளம் குடுப்பியா?" என்றார். நூறு ரூபாய்க்காக ராத்திரியில் மலையடிவாரம் வரை நடந்த அதே மனிதர், அதே ராத்திரி வேளையில், மடையைத் திறந்துவிட்டு வந்து கைகாலைக் கழுவிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு தூங்கினார். அவரை நான் வேஷக்காரர் என்று சொல்லமாட்டேன். இரண்டும் அவர்தான். அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

பள்ளத்தை ஒட்டி ஒரு கிழவிக்குக் கால் ஏக்கரும் ஒரு கிணறும் இருந்தன. 1999 சித்திரையில் ஒரு நாள் காலை அவள் ஒரு செம்பு நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து என் கணக்கு மேஜைமேல் வைத்தாள்.

"கொஞ்சம் குடிச்சுப் பாரு கண்ணு. கரிக்கற மாதிரி இருக்குது. எனக்கு நாக்குக் கெட்டுப்போச்சா, தண்ணி கெட்டுப்போச்சான்னு தெரியோணும்."

குடித்தேன். கரித்தது.

"கோடையில்லீங்களா ஆத்தா, ஊத்து கொறஞ்சிருச்சு, அதானுங்க. ஒரு மழை பேஞ்சாச் சரியாப் போயிருமுங்க" என்றேன்.

"நீ படிச்ச புள்ள. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரை வாசலில் இருந்த முருங்கைக்கு ஊற்றிவிட்டுப் போனாள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பழமொழி சொல்கிறது. எங்கள் ஊரில் உப்பைத் தின்றவர்கள் நாங்கள். தண்ணீர் குடித்தவள் அவள்.

இத்தனை வருஷமாக இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் சித்தப்பாவின் கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன். நல்ல மனிதர், காலம் கெடுத்துவிட்டது என்று முடிப்பேன். ஒரு சிறுகதையாகக்கூட எழுதிவிட்டேன். அதில் கணக்குப் பிள்ளை என்ற பாத்திரமே கிடையாது. காரைக்குடியில் அந்தப் பச்சைப் படலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், செம்பை வாங்கிக் குடித்தவன் ஒருவன் கதையில் விட்டுப்போயிருக்கிறான் என்று உறைத்தது.

நீர் எப்படியோ அப்படி ஆனேன் என்று நானும் சொல்லிவிடலாம். பட்டறையின் சோற்றைத் தின்றேன், பட்டறையின் பேச்சைப் பேசினேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதும் பழமொழிதானே! ஆனால் என் மருமகள் அன்று சொன்ன மற்றச் சில விஷயங்கள் இந்தச் சமாதானத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

ஒன்று, படலம் எதையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடுகிற வஸ்து இல்லை. பாலிபிர்ரோல் என்று இதன் பங்காளி ஒன்று உண்டு. அதை வளர்க்கும்போதே சோப்பின் ஜாதியைச் சேர்ந்த பெரிய அயனி ஒன்றை உள்ளே வைத்து வளர்த்துவிட்டால், அந்தப் பெரியவர் பிறகு வெளியே வரவே மாட்டார். சங்கிலிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வார். அப்போது எலெக்ட்ரானைக் கொடுத்தாலும் வாங்கினாலும், உள்ளே வெளியே போய்வருவது குளோரைடு ஆகாது. உப்பின் மறுபாதியான சோடியம். நீர் அதே நீர்தான். முதலில் உள்ளே யார் குடிவைக்கப்பட்டார் என்பது பின்னால் யாரை உள்ளே விடுவது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இளமையில் மனத்தில் ஆழமாக ஒன்றை வைத்துவிட்டால் பிறகு வருகிற காலம் அந்த மனிதனிடம் வேறு விதமாகத்தான் நடந்துகொள்ள வேண்டியிருக்கும். எனக்குள் வைக்கப்பட்டது அந்த நூறு ரூபாய்க் கதை. ஆனால் அது உள்ளே சிக்கவில்லை. மேலே பூசினதோடு நின்றுபோயிற்று. அது கதை சொன்னவர்களின் குற்றம் ஆகாது.

இன்னொன்று, அவள் "இதுக்கு மேல போகக் கூடாது" என்று நிறுத்தினாளே, அந்த எல்லை. அதுவரை போனால் திரும்பலாம்; ஆயிரம் தடவை போய்த் திரும்பினாலும் பெரிய சேதமில்லை. அதைத் தாண்டிவிட்டால் தண்ணீரே சங்கிலியைத் தாக்கிச் சிதைக்க ஆரம்பித்துவிடும். பிறகு எந்த வோல்ட்டுக்குக் கொண்டுவந்தாலும் பழைய பச்சை வராது. வேடிக்கை என்னவென்றால், எல்லையைத் தாண்டும்போது பெரிய அடையாளம் ஒன்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு நீலம், இன்னும் கொஞ்சம் நீலம், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு விஷயம் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்தப் படலத்தை வேலை வாங்காமல் வெகுநேரம் சும்மா வைத்துவிட்டு, பிறகு எலெக்ட்ரானை எடுக்கப் போனால் முதல் தடவை சண்டித்தனம் செய்யும். உள்ளே சங்கிலிகள் நெருங்கி இறுகிக் கிடக்கும். அயனிக்கு வழி விடாது. கூடுதலாக நெருக்கினால்தான் அசையும். ஆனால் ஒரே ஒரு தடவை வழி திறந்துவிட்டால், இரண்டாம் தடவை ஒன்றுமே நடக்காததுபோல இயல்பாக வேலை செய்யும். "அதனால முதல் தடவைய வச்சு எதையும் முடிவு பண்ண மாட்டோமுங்க மாமா" என்றாள். நீதிபதிகளும் மாமியார்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வார்த்தை!

உவமை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். படலத்துக்கும் நமக்கும் இரண்டு வித்தியாசங்கள். அதன் பொத்தான் வெளியே இருக்கிறது. அழுத்துகிற விரல் என் மருமகளுடையது. நம்முடைய பொத்தானில் பல விரல்கள் இருக்கின்றன: பசி, கடன், ஊர்ப் பேச்சு, உறவு. எல்லாம் சேர்ந்து அழுத்துகின்றன என்பது நிஜம். ஆனால் அந்த விரல்களில் ஒன்று நம்முடையது. மற்ற விரல்களைக் காட்டி அந்த ஒன்றை மறைத்துவிட முடியாது. அடுத்தது, உப்பு நீரில் நின்று நிறம் மாறுகிற படலம், "எல்லாரும் மாறுகிறார்கள்" என்று சொல்லிக்கொள்வதில்லை. மாறுகிறது, அதோடு சரி. மனிதன்தான் மாறுவதோடு நிற்காமல், மாறியதற்கு ஒரு நியாயமும் செய்துகொள்கிறான். என் கருத்தில், நம் சுபாவத்தைக் கெடுப்பது சேர்க்கைகூட இல்லை, அந்த நியாயம்தான். அது, வெளியே வராத பெரிய அயனியைப்போல உள்ளேயே தங்கிவிடுகிறது.

சித்தப்பா பட்டறையை மூடி வெகுகாலம் ஆகிறது. சாயக் கழிவு விவகாரம் நாடறிந்தது. நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் நேர்ந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சித்தப்பா அதற்கும் பல வருஷம் முன்பே, யாரும் சொல்லாமல், தாமாகவே தொட்டிகளை உடைத்துப் போட்டுவிட்டார். காரணம் கேட்டவர்களுக்கு, "முட்டி வலிங்க" என்றார். பிறகு தம் தோட்டத்து ஆழ்குழாயிலிருந்து கிழவி வீட்டு வாசல் வரை ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தார். அதைப் பற்றி யாரிடமும் அவர் பேசியதில்லை. முதல் தடவை சண்டித்தனம் செய்த படலம் என்று அவரை நான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற ஆடியில் தேருக்குப் போனபோது, அந்தக் கிழவியைப் பார்த்துச் செம்பு விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேரன் இருந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். மரியாதையாக உட்காரவைத்து, காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான். கிணற்றடியில் கயிறும் வாளியும் கிடந்தன. வெயிலில் வந்த தாகம். நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன்.

"அதைக் குடிக்காதீங்க" என்று ஓடி வந்தான். "எங்க கெணறு எப்பவுமே உப்புங்க."

எப்பவுமே!

அந்த ஒரு வார்த்தையில் என் கேள்விக்குப் பதில் இருந்தது. இப்படித்தான் ஒன்று சுபாவமாகிறது. கெட்டுப்போன விதத்தைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். அல்லது, இருந்தும் சொல்லாமல் இருக்கிறார்கள். அப்புறம் வருகிறவன், "இது பிறவியிலேயே இப்படி" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறான். கிணற்றுக்கும் அப்படி, ஒரு குடும்பத்துக்கும் அப்படி, ஒரு ஊருக்கும் அப்படி.

வாளியை இறக்கி, கொஞ்சம் தண்ணீர் இறைத்து வாயில் விட்டுக்கொண்டேன். கரித்தது.

"இல்லீங்க தம்பி. இது நல்ல தண்ணிக் கெணறு. இப்படி உட்காருங்க, சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். சித்தப்பாவை விட்டுவிட்டு, செம்பிலிருந்து ஆரம்பித்தேன். அவன் காப்பி ஆறுகிறது என்றுகூடச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்த பிறகு என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வெகுநேரம் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்போ இனிப்பா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு" என்றேன்.